பங்கில் பெண்களுக்கான செபக்குழுவைத் தொடங்குவது எப்படி?

தருமபுரி கத்தோலிக்க மறைமாவட்டத்தின் கிராமப் பங்குகளில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோவில் சமூகங்களில்) ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் ஐந்து நிமிடம் நின்று பேசுவதுதான் பல பெண்களுக்கு அந்த வாரம் முழுவதிலும் கிடைக்கும் ஒரே ஆறுதல். கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார். மாமியாரும் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் இவர் பொறுப்பில் இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை வாரத்திற்கு ஒரு மணி நேரமாக்குவதே இங்கே சொல்லப்படும் வழிமுறையின் நோக்கம்.

முதலில் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். உங்கள் பகுதியில் அன்பியம் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) ஏற்கெனவே கூடிவருகிறது என்றால் அதற்குப் போட்டியாகப் புதிய அமைப்பு எதுவும் வேண்டாம். அன்பியத்துப் பெண்கள் ஆறேழு பேர் தனியே கூடுவதற்கு அவருடைய இசைவைப் பெற்றாலே போதும். பங்கில் அருள்சகோதரிகள் இருந்தால், முதல் சில கூட்டங்களுக்கு அவர்களில் ஒருவரை உடனிருக்கச் சொல்லலாம்.

நாளையும் நேரத்தையும் வேலையை ஒட்டியே முடிவு செய்ய வேண்டும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் வேலை செய்பவருக்கும், மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்குப் போகிறவருக்கும் மாலை ஆறு மணி ஒத்துவராது. அவர்கள் வர முடியாத நேரத்தை வைத்துவிட்டு, பக்தி குறைந்துவிட்டது என்று குறைசொல்வதில் நியாயமில்லை. வீடு மாற்றி வீடு கூடுவது நல்லதுதான். ஆனால் ஒரு வீட்டில் சுண்டல், அடுத்த வீட்டில் கேசரி என்று உபசரிப்பு வளரத் தொடங்கினால், வசதியில்லாதவர் தம் முறை வரும்போது ஒதுங்கிக்கொள்வார். சுக்குக் காப்பிக்கு மேல் எதுவும் இல்லை என்று முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள்.

கூட்டத்தை நடத்துவதற்கு, அன்பியங்களில் பழக்கமான ஏழு படி விவிலியப் பகிர்வு முறையே போதுமானது: ஆண்டவரை அழைத்தல், பகுதியை வாசித்தல், மனத்தைத் தொட்ட சொற்களை மும்முறை உரக்கச் சொல்லுதல், மௌனம், பகிர்வு, செய்ய வேண்டிய பணியைப் பற்றிப் பேசுதல், சொந்த வார்த்தைகளில் செபம். இவற்றில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது மௌனம்தான். ஐந்து நிமிட அமைதி பொறுக்காமல் யாராவது பாட்டைத் தொடங்கிவிடுவார். அவரை அன்போடு தடுத்துவிடுங்கள்.

முதல் வாசகமாக மாற்கு நற்செய்தி 5:25-34 பகுதியை எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்தி, கையிலிருந்ததையெல்லாம் மருத்துவருக்குச் செலவழித்த பெண்ணின் நிகழ்ச்சி அது. தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகள் சாகும் தறுவாயில் இருக்க, அவ்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த இயேசு, வழியில் நின்று இந்தப் பெண் உண்மை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். பிறகு அவரை "மகளே" என்று அழைக்கிறார். இயேசுவின் ஆடையை அவர் தொட்டபோதே நோய் நீங்கிவிட்டது. அப்படியிருந்தும் அவர் பேசுவதற்கு இடம் தரப்பட்டது. குழுவும் இதையே செய்ய வேண்டும் என்பது என் கருத்து. கருச்சிதைவு, கணவரின் குடி, பிள்ளையில்லாத ஏச்சு ஆகியவற்றைப் பற்றி ஒருவர் வாய்திறக்கும்போது, "எல்லாம் கடவுள் சித்தம்" என்று உடனே முடித்துவைப்பது அவர் வாயை அடைப்பதற்குச் சமம். அவர் கேட்டாலன்றி அறிவுரை சொல்லக் கூடாது.

அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதை ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் நினைவூட்டுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) குருவைக் கட்டுப்படுத்தும் இரகசியக் காப்பு இங்கே சட்டமாக இல்லை. உறுப்பினர்களின் சொல்லுறுதி மட்டுமே உண்டு. ஊர்க்குழாயடிக்கு ஒரு செய்தி போய்விட்டால், அந்தப் பெண் மறுபடி வர மாட்டார்.

செபம் மருத்துவத்திற்கு மாற்றாகாது. உறக்கமின்மை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் போன்றவை தெரிந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணையும், வீட்டில் அடி உதை என்றால் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் கொடுத்து, தேவையானால் உடன் செல்லுங்கள்.

இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் குழு வெளியே பார்க்கத் தொடங்கலாம். 1921இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் தோன்றிய கத்தோலிக்கப் பொதுநிலையினர் இயக்கமான மரியாயின் சேனையில், உறுப்பினர்கள் வாரந்தோறும் ஒரு பணியை ஏற்று, அடுத்த கூட்டத்தில் அதைச் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். பணமோ பொருளோ கொடுப்பது அவர்கள் பணியன்று. இந்த ஒழுங்கு சிறு குழுவுக்கும் பொருந்தும். படுக்கையிலிருக்கும் முதியவரை இருவராகச் சென்று சந்திப்பது, கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட கைம்பெண்ணின் வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பது போன்றவை போதும். அந்த வீட்டிலும் முதலில் அவரைப் பேசவிடுங்கள். செபமாலையைப் பிறகு எடுக்கலாம்.