மழைக்காலத்தில் நாயோடு வாக்கிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் டிசம்பர் வரை தரை காய்வதே அபூர்வம். நாய்க்கு அதெல்லாம் கணக்கில்லை. நேரமானால் கதவருகே வந்து நின்றுவிடும். நனைந்தால் சளி பிடிக்கும், ஜுரம் வரும் என்று பயந்து நாமும் குடையும் கோட்டுமாகக் கிளம்புகிறோம். நல்ல உடல்நிலையில் இருக்கும் வளர்ந்த நாய்க்கு நம் ஊர் மழையில் பத்து நிமிடம் நனைவதால் ஒன்றும் ஆகிவிடாது. கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு விஷயங்களைப் பற்றி. தெருவில் தேங்கிய தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது ஒன்று. வீடு திரும்பியபின் விரலிடுக்கிலும் காலருக்கு அடியிலும் மணிக்கணக்கில் தங்கும் ஈரம் இன்னொன்று.

தேங்கிய தண்ணீரில் இறக்கிவிடுவது

கணுக்கால் தண்ணீர்தானே என்று தோன்றும். ஆனால் மழைநீர் வடிகாலும் சாக்கடையும் நிரம்பி வழிந்த தெருவில் நிற்கும் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி அந்த வழியாகத்தான் பரவுகிறது. நாய் அந்தத் தண்ணீரைக் குடித்தால்தான் வரும் என்றில்லை. காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும். வெகுநேரம் ஊறி மெலிந்த தோல், கண், மூக்கு, வாய் வழியாகவும் கிருமி உள்ளே போகும். போனபின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். மனிதருக்கும் தொற்றும் நோய் இது.

வருடம் தவறாமல் ரேபிஸ் ஊசி போடுகிறவர்கள்கூட லெப்டோ தடுப்பூசியை விட்டுவிடுவது வழக்கமான தவறு. டிஸ்டெம்பர், பார்வோ நோய்களுக்கான பாதுகாப்பு சில வருடங்கள் நிற்கும். லெப்டோவுக்கு ஏறக்குறைய ஒரு வருடம்தான். முதன்முறை என்றால் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ், பிறகு வருடத்துக்கு ஒன்று. இரண்டாவது ஊசிக்குப் பின்னும் முழுப் பாதுகாப்பு வர இரண்டு வாரம் போல ஆகும். ஆகவே இந்த வேலையை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிட வேண்டும். தெருவில் தண்ணீர் நின்றபிறகு ஓடுவதில் பாதிப் பயன்தான். ஊசி போட்ட நாயும் எல்லா வகை லெப்டோவிலிருந்தும் தப்பிவிடாது என்பதால் தண்ணீரைத் தவிர்ப்பது எப்போதும் அவசியம்.

கிளம்புமுன் வீட்டிலேயே வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வையுங்கள். தாகமில்லாத நாய் குட்டையில் வாய் வைப்பது குறையும். வழக்கமான பாதையை இந்த இரண்டு மூன்று மாதத்துக்கு மறந்துவிட்டு, மேடான தெரு, சிமென்ட் தரை, மேம்பாலத்தின் அடியில் உலர்ந்த இடம் என்று தேடிக்கொள்வது நல்லது. தண்ணீர் நாயின் பாதத்தை மூழ்கடித்தால் திரும்பிவிடுங்கள். டாஷண்ட் போன்ற குட்டைக் கால் நாய்களுக்கு அந்த ஆழத்திலேயே வயிறு நனைய ஆரம்பிக்கலாம். மூடி நகர்ந்த பாதாளச் சாக்கடை கலங்கல் நீரில் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. தடுப்பூசி வரிசை முடியாத குட்டியைத் தரையிலேயே விடாதீர்கள். தூக்கிக்கொண்டு போய் வேடிக்கை காட்டினால் போதும், பார்வோ கிருமி ஈர மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

மின்கம்பத்தை மறப்பது

ஆண் நாய்க்கு மின்கம்பமும் தெருவோர மின்பெட்டியும் நாள்தோறும் காலைத் தூக்கும் இடம். மழைக்காலத்தில் அதுவே உயிரை வாங்கும். ரப்பர் செருப்பு போட்ட நமக்குத் தெரியாத கசிவு, வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும் நாய்க்கு முழுதாக ஏறும். கம்பத்தைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. கசிவு உள்ள இடத்தைச் சுற்றித் தரையில் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் மாறும். முன்காலும் பின்காலும் தள்ளித் தள்ளி இருக்கும் நாலுகால் பிராணியின் உடம்பு வழியாக அந்த வித்தியாசம் பாயும். மாடுகள் இப்படிச் சாவதை மழைக்காலச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம்.

கம்பம், மின்பெட்டி, கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி, கடை வாசல் விளம்பரப் பலகை எல்லாவற்றையும் விட்டுத் தள்ளியே நடத்துங்கள். நாய் திடீரென்று வீறிட்டு விறைத்தால், அல்லது காரணமில்லாமல் ஓரிடத்துக்கு வர மறுத்தால், பாய்ந்து அதைத் தூக்கக் கூடாது. நனைந்த லீஷும் மின்சாரத்தைக் கடத்தும், கையிலிருந்து விட்டுவிடுங்கள். காலை அகல வைக்காமல் சிறு அடிகளாகப் பின்னால் நகர்ந்து, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள். மனதுக்கு மிகக் கடினம்தான். ஆனால் நாயைக் காப்பாற்றப் போய் உடன் சாகிறவர்கள் உண்டு.

லீஷ், காலர், கோட்டு

பட்டனை அழுத்தினால் நீளும் லீஷை மழை முடியும் வரை எடுத்து வைத்துவிடலாம். ஈரக் கையில் அதன் கைப்பிடி வழுக்கும், மண் புகுந்து பூட்டு சிக்கும், மெல்லிய கயிறு நம் விரலை அறுக்கும். ஐந்து ஆறு அடி நீளமுள்ள, தட்டையான, ஒரே நீள லீஷ்தான் சேற்றில் கைகொடுக்கும். தோல் காலர் நனைந்தால் இளகும். காலையில் சரியாக இருந்தது மாலையில் தலை வழியாக நழுவலாம். இடி இடிக்கும் மாதம் இது, பல வருடங்களில் தீபாவளிப் பட்டாசும் இதே நாட்களில்தான் வருகிறது. மிரண்ட நாய் பின்னோக்கி இழுத்தே காலரிலிருந்து தலையை உருவிக்கொள்ளும். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மார்புப் பட்டை போட்டு, அதில் லீஷை மாட்டுங்கள்.

ரெயின்கோட்டு பற்றி எங்கள் அபிப்பிராயம் அவ்வளவு உயர்வானது இல்லை. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு, வயதான நாய்க்கு, முடி குறைந்த சின்ன நாய்க்குச் சரி. சென்னைப் புழுக்கத்தில் காற்றுப் போகாத பிளாஸ்டிக் கோட்டுக்குள் நாய் வெந்துபோகும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு மூச்சே வாங்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் வயிற்றுப் பக்கம் திறந்ததாக வாங்குங்கள், முன்காலின் கக்கம் உரசிச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள், வீட்டு வாசலிலேயே கழற்றிவிடுங்கள். ரப்பர் ஷூ இன்னும் மோசம். மேலே வழியாகத் தண்ணீர் புகுந்தால் வெளியே போக வழியில்லாமல் பாதம் உள்ளேயே ஊறும்.

மார்கழி விடியலுக்கு முன் போகிறவர்கள் ஒளியைத் திருப்பும் பட்டை ஒன்றை காலரில் சுற்றுவது நல்லது. கறுப்பு நாய் மழையில் வண்டி ஓட்டுபவர் கண்ணுக்குப் படவே படாது. அடுத்த வீட்டுக் கோலத்தின் பக்கம் காலைத் தூக்க விடாமல் பார்த்துக்கொள்வதும் அந்த மாதத்தின் தனிக்கலை.

வாசலில் நடக்கும் தவறுகள்

பெரும்பாலான தோல் தொல்லைகள் தொடங்குவது இங்கேதான். ஒரு துணியால் முதுகைத் துடைத்துவிட்டு, பாதத்தை மிதியடியில் நாலு தேய் தேய்த்து உள்ளே விட்டுவிடுகிறோம். முதுகு தானே காய்ந்துவிடும். பாதம் காயாது.

வாசலில் அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரும் இரண்டு உலர்ந்த டவலும் முன்கூட்டியே இருக்கட்டும். ஒவ்வொரு காலாகத் தண்ணீரில் முக்கி, விரல்களை மெல்ல விரித்து அலசுங்கள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் பெரிய மெத்தை, அதற்கு முன்னால் நாலு சின்ன மெத்தைகள், இவற்றுக்கு இடையில் குழிவாக ஒரு பள்ளம் தெரியும். மணலும் சிறு கல்லும் போய் உட்காருவது அந்தப் பள்ளத்தில்தான். அங்கே முடி நீண்டிருந்தால் சேறு அதில் உருண்டையாகக் கட்டி, காய்ந்ததும் நடக்க நடக்கக் குத்தும். முடியை மெத்தையின் மட்டத்துக்கு, மொன்னை முனைக் கத்தரியால் வெட்டிவைப்பது மழைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. பிறகு டவலை விரலிடுக்கில் நுழைத்து ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் ஊறிய தோல் உரியும். ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது டவலால் இன்னொரு முறை. முடி அடர்ந்த நாய் என்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளிப் பிடித்துக் காட்டலாம்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்த இடுக்கில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை பெருகும். நாய் ராத்திரியெல்லாம் பாதத்தை நக்கும். நக்க நக்க இன்னும் ஈரம். வெளிர் நிற நாயின் விரல் முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தால் அது எச்சில் கறை, அதாவது பல நாளாக நக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். புளித்த வாடையும் சிவப்பும் சேர்ந்திருந்தால் வீட்டு வைத்தியத்தை விட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த வீட்டு வைத்தியங்களில் மூன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாளித் தண்ணீரில் டெட்டால் கலப்பது: அதில் இருப்பது பீனால் வகை ரசாயனம், தோலை எரிக்கும், நாய் நக்கி வயிற்றுக்குள்ளும் போகும். வீட்டில் பூனையும் இருந்தால் ஆபத்து அதிகம். விரலிடுக்கில் டால்கம் பவுடர் போடுவது: ஈரத்தோடு குழைந்து களிம்பாகி அங்கேயே ஒட்டும். மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெய் தடவுவது: ஈரத்தின் மேல் எண்ணெய் மூடி போட்டதுபோல் ஆகிவிடும்.

தினமும் ஷாம்பு போடுவதும் தேவையில்லாத வேலை. சேறு பச்சைத் தண்ணீரிலேயே போகும். தினசரி ஷாம்பு தோலின் இயற்கை எண்ணெயை உருவிவிடும், பிறகு வறண்டு அரிக்கும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இரட்டை அடுக்கு முடி நாய்களில் மேலே உலர்ந்ததாகத் தெரிந்தாலும் அடி முடி ஈரமாகவே இருக்கும். விரலை வேர் வரை விட்டுப் பாருங்கள். காதுக்குப் பின்னால், காலருக்கு அடியில், வால் தொடங்கும் இடத்தில் தங்கும் ஈரம் ஒரே நாளில் உள்ளங்கை அகலத்துக்குக் கசியும் புண்ணாகிவிடும். ஆகவே நனைந்த காலரையும் மார்புப் பட்டையையும் கழற்றிக் கொடியில் போடுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி குட்டை முடி நாய்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தொங்கும் காது உள்ளவற்றுக்குக் காதின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தால் போதும்; பட்ஸை உள்ளே விட்டால் அழுக்கை ஆழத்துக்குத் தள்ளுவீர்கள்.

உண்ணியைப் புல்வெளியில் மட்டும் தேடுவது

நம் ஊர் நாய்களில் அதிகம் காணும் பழுப்பு உண்ணி வீட்டுச் சுவர் விரிசலிலும் கூண்டு இடுக்கிலும் குடியிருக்கும். மழைக்கால ஈரக்காற்று அதற்குத் தோது. காலைத் துடைக்கும்போதே விரலிடுக்கு, காது மடிப்பு, காலரின் அடி, வாலின் அடி என்று பார்த்துவிடுங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். நகத்தால் நசுக்கக் கூடாது, மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. முதுகில் சொட்டு விடும் மருந்து போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் போலக் குளியலோ நனைதலோ கூடாது என்றே பெரும்பாலும் எழுதியிருக்கும். தினமும் நனையும் மாதத்தில் அது எடுபடாமல் போக வாய்ப்பு அதிகம். வாய்வழி மாத்திரைக்கு மாறலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

மழை கழுவிக்கொண்டு போய்விடும் என்று மலத்தை அள்ளாமல் வருவதும் பலர் செய்வது. மழை அதைக் கழுவுவதில்லை, பரப்புகிறது. கொக்கிப்புழு முட்டை வெதுவெதுப்பான ஈர மண்ணில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடும் குழந்தைகளுக்கும் அது ஏறும்.

சரி, வெளியே போகாமலே இருந்துவிடலாமா என்றால் அதுவும் ஆகாது. வீட்டுக்குள் போகப் பழகாத நாய் சிறுநீரை மணிக்கணக்கில் அடக்கும். ஒரு மணி நேர நடையை, மழை விடும் இடைவெளிகளில் பத்துப் பத்து நிமிடமாக நாலு முறை ஆக்கிக்கொள்ளுங்கள். மிச்சச் சுறுசுறுப்புக்குப் பழைய துண்டில் தீனியைச் சுருட்டி மூக்கால் தேட விடலாம்.

தேங்கிய நீரில் நடந்த நாய் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் சாப்பிடாமல் படுத்தால், வாந்தி எடுத்தால், தசை வலியில் எழ மறுத்தால், சிறுநீர் மிகக் கூடினாலோ குறைந்தாலோ, ஈறும் கண்வெள்ளையும் மஞ்சளாகத் தெரிந்தாலோ அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். என்றைக்கு எந்தத் தண்ணீரில் இறங்கியது, லெப்டோ ஊசி கடைசியாக எப்போது என்பதை அவர் கேட்குமுன் நாமே சொல்லிவிட வேண்டும். வெறும் வாந்தி என்று மட்டும் சொன்னால் வயிற்றுக்கோளாறுக்கு மருந்து கொடுத்து இரண்டு நாள் போய்விடலாம். சந்தேகம் தீரும் வரை நாயின் சிறுநீரைச் சுத்தம் செய்கிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும், பிறகு தரையை பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைக்கட்டும்.