நீலப் புகை வந்தால் உடனே எஞ்சினை இறக்காதீர்கள்

எங்கள் வீட்டு 1985 பிரீமியர் பத்மினி நீலப் புகை விடத் தொடங்கியபோது, பார்த்த முதல் மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “ரிங் போய்விட்டது, ரீபோர்தான்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்; ரீபோர் என்பது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. ஆனால் ரிங் போகவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதமும் மூன்று ஏற்காடு பயணமும் ஆயின. உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில் நிறம். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் கதவு) கேபிள் முழுதாகத் திரும்பாமல் பாதியில் நிற்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி அங்கே கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் சேலத்தில் சரியாக இருந்தாலும் மேலே போனால் கொஞ்சம் கறுப்படிக்கத்தான் செய்யும். அதற்காக அங்கேயே திருகைத் திருப்பிவிடாதீர்கள், கீழே இறங்கியதும் வண்டி திணறும்.

வெள்ளை என்றால், மார்கழிக் காலையில் முதல் சில நிமிடங்கள் வருவது வெறும் நீராவி. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகட்டைச் சந்தேகிக்கலாம். ‘இனிப்பு வாசனை வரும்’ என்பார்கள். கூலண்ட் ஊற்றியவர்களுக்கு வரும். பத்மினி வைத்திருப்பவர்கள் பலர் ரேடியேட்டரில் ஊற்றுவது குழாய்த் தண்ணீர். அதில் ஏது இனிப்பு? மூக்கை நம்பாமல், எஞ்சின் முழுக்க ஆறியபின் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைக் குறித்து வாருங்கள். எங்கும் ஒழுகாமல் குறைந்துகொண்டே போனால் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது.

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் சிலிண்டருக்குள் வர முக்கியமாக இரண்டு வழிகள்: கீழிருந்து தேய்ந்த ரிங் வழியாக, மேலிருந்து தேய்ந்த வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) வழியாக. முதலாவதற்கு எஞ்சினையே பிரிக்க வேண்டும். இரண்டாவதற்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இதைப் பிரித்தறிய நம் ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த வசதி, ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது, மிதிக்க மிதிக்கத் தொடர்ந்து நீலம் வந்தால் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். இறங்கும்போது இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வாருங்கள். காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் மூடியிருப்பதால் இன்டேக் (காற்று உள்ளே போகும்) பக்கம் பலமாக உறிஞ்சும். கைடு தேய்ந்திருந்தால் அந்த உறிஞ்சலில் ஆயில் உள்ளே இறங்கிச் சேரும். அடிவாரம் வந்து மிதித்ததும் அவ்வளவும் ஒரே மூச்சில் எரிந்து வெளியே வரும். பின்சீட்டில் ஒருவர் திரும்பி உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் தம்பி ஏறும்போதெல்லாம் “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்று சொல்லிக்கொண்டே வந்தான். அடிவாரத்தில் நான் மிதித்ததும், “அண்ணா, பின்னால் வந்த பைக்காரரைக் காணவில்லை” என்றான்.

அப்போதே முடிவுக்கு வந்திருக்கலாம். ஆனால் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது) செய்து குழம்பிப்போனேன். எஞ்சினைச் சூடாக்கி, காயிலுக்குப் போகும் சிறிய வயரைக் கழற்றி, நான்கு பிளக்குகளையும் எடுத்து வரிசை மாறாமல் செய்தித்தாளில் வைத்தேன். பிளக் துளையில் அழுத்தமானியைப் (கேஜ்) பொருத்தி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் நான்கிலும் எண்பது psi-க்குக் கீழே! ரீபோருக்கு முன்பணம் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். தவறு என் காலில் இருந்தது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்திருக்க வேண்டும், சோக்கும் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டருக்குக் காற்றே போகாது. பிறகு எதை அழுத்துவது? தம்பியை மிதிக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன்: 125, 120, 125, 120. எண்ணைவிட நான்கும் ஒட்டி இருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மீண்டும் பாருங்கள். அளவு ஏறினால் ரிங்; ஏறாவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை, அல்லது கேஸ்கட். கைடு தேய்மானம் பெரும்பாலும் இந்த டெஸ்டில் தெரியவே தெரியாது. அளவு நன்றாக இருந்தும் புகை வருகிறது என்றால் அதுவே ஒரு விடைதான்.

கேஜ் வாங்கும்போது மரை போட்டுத் திருகும் வகையை வாங்குங்கள். ரப்பர் மூக்கை அழுத்திப் பிடிக்கும் வகை விலை குறைவு, ஆனால் கை நழுவினால் அளவும் நழுவும். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கைடுகளை மாற்றினோம். அதன்பின் இரண்டு முறை ஏற்காடு போய்வந்தாயிற்று, பைக்காரர்கள் தெரிகிறார்கள்.

பிற்சேர்க்கை: ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர், தன் அம்பாசிடரில் இத்தனையும் பார்த்தும் நீலம் நிற்கவில்லை என்று எழுதியிருந்தார். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி ஆயிலை மேலே தள்ளும். குழாய் சுத்தமாக இருந்ததாம். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவர் வீட்டு வாசல் சரிவு. அங்கேயே நிறுத்தி அளந்து, குறைவாகத் தெரிகிறது என்று ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். சமதளத்தில் நிறுத்திப் பார்த்தால் மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஆயில்.