மினி லாரியின் த்ராட்டில் பாடி: எதைத் தேய்க்கலாம், எதைத் தொடக்கூடாது

ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றினால் வண்டி இழுக்கவில்லை, பிக்கப் இல்லை என்றதும் த்ராட்டில் பாடியை லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கத் தோன்றும். இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் குழாய்தான் அது. அதன் துளைக்குக் குறுக்கே ஒரு ஷாஃப்டும் (தண்டு), அதோடு சுழன்று திறந்து மூடும் பிளேட்டும் (தகடு) இருக்கும். துளையைப் பெரிதாக்கும் வேலையில் இறங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது, வண்டி டீசலா பெட்ரோலா என்பது. டீசல் இன்ஜினின் சக்தியை டீசலின் அளவுதான் தீர்மானிக்கிறது. பி.எஸ். 6 (புகை விதி) டீசல் வண்டியில் காற்றுப் பாதையில் ஒரு வால்வு இருந்தாலும், அது புகைக் கட்டுப்பாட்டுக்கானது. அதைச் செதுக்கி ஒரு பயனும் இல்லை. இனி சொல்வதெல்லாம் பெட்ரோல், சி.என்.ஜி. மினி லாரிகளுக்கு மட்டும்.

இரண்டாவது, காற்று உண்மையிலேயே முட்டுகிறதா என்பது. ஓ.பி.டி. ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள அளவுகளைப் படிக்கும் கருவி) மாட்டி, இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மேனிஃபோல்டு (த்ராட்டில் பாடியிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தத்தைப் பாருங்கள். காரைக்குடி மட்டத்தில் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்டும். பிறகு லோடுடன், ஆளில்லாத நேரான சாலையில், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து மேல் ஆர்.பி.எம்.மில் என்ன காட்டுகிறது என்று பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். 97, 98 வந்தால் பாதை சரியாக இருக்கிறது, தேய்ப்பதால் கிடைப்பது அற்பம். 94க்குக் கீழே இறங்கினால் எங்கோ அடைப்பு. அதுவும் பெரும்பாலும் த்ராட்டில் பாடிக்கு முன்னாலேயே இருக்கும். திருமயம் பக்கம் கிரஷர் சாலைகளிலும் செம்மண் தடங்களிலும் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை ஏர் ஃபில்டர் தாங்காது. புது ஃபில்டர் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். வெளிக்காற்றை ஏர் ஃபில்டருக்குக் கொண்டுவரும் ஸ்னார்க்கல் குழாய் உடைந்து, வெளியே 38 டிகிரி காற்று இருக்க இன்ஜின் பக்கத்து 60 டிகிரி காற்றை இழுத்தால், அடர்த்தியில் 6 முதல் 7 சதவீதம் போய்விடும். த்ராட்டில் பாடியில் எவ்வளவு வேலை செய்தாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. நூறு ரூபாய்க் கிளாம்ப்பும் ஒரு புது ஹோஸும் போட்டாலே அது திரும்பக் கிடைக்கும்.

இதெல்லாம் சரியான பிறகு கழற்றலாம். பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டு, கனெக்டர், ஹோஸ், போல்ட் என்ற வரிசையில் போங்கள். மேனிஃபோல்டு வாயைச் சுத்தமான துணியால் உடனே மூடிவிடுங்கள். கிளீனரை நேராக உள்ளே அடிக்காமல், நூல் பிரியாத துணியில் நனைத்துத் துடையுங்கள், ஓரத்துக் கரிக்கு மெல்லிய பல் பிரஷ் போதும். ஷாஃப்ட் முனை வழியாகத் திரவம் கசிந்தால் சென்சார் போய்விடும். துளைச் சுவரில் எமரி பேப்பர் படவே கூடாது. பல வண்டிகளில் அங்கே மெல்லிய பூச்சு உண்டு, பிளேட் மூடும்போது காற்றை அடைப்பது அதுதான். பளபளப்பாக்குகிறேன் என்று அதை உரித்தால் ஐட்லிங் ஏறி இறங்கும்.

அடுத்தது கேஸ்கெட். அதன் உள்விளிம்பு துளைக்குள் ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் கூரான பிளேடால் வெட்டிவிடலாம். வாய்ப்பகுதியில் வார்ப்புத் தையல் (அச்சு சேரும் இடத்தில் விழும் கோடு) மேடாக இருந்தால் 320, பிறகு 600 நம்பர் எமரியால் வழித்து விளிம்பை லேசாக உருட்டுங்கள். வண்டியில் மாட்டியபடி இதைச் செய்யவே கூடாது. அலுமினியத் தூள் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் சிலிண்டர் சுவரில் கோடு விழும்.

ஷாஃப்ட் வேலைதான் நுணுக்கமானது. 40 மி.மீ. துளைக்கு 8 மி.மீ. ஷாஃப்ட் குறுக்கே நின்றால், முழுக்கத் திறந்தபோதும் பரப்பில் கால் பங்கை அது மறைக்கிறது. பிளேட் நுழையும் வெட்டின் ஒரு பக்கம் ஸ்க்ரூ தலை இருக்கும், மறுபக்கம் மரை இருக்கும். தலைப் பக்கத்துப் பாதியை மட்டும் அரத்தால் எடுத்தால் மறைப்பு 15 சதவீதமாகக் குறையும். சுவரை ஒட்டிய இரு முனைகளையும் முழு உருண்டையாகவே விட வேண்டும். இவ்வளவு செய்தும் 1200 சி.சி. இன்ஜினில் மிச்சமாவது ஒரு கிலோபாஸ்கலுக்கும் குறைவு, அதுவும் முழு மிதியில் மட்டும். ஊருக்குள் பாதி மிதியில் ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது.

அப்படியும் செய்வதென்றால், ஆக்ஸிலரேட்டர் பெடல் கேபிளால் பிளேட்டை இழுக்கும் கேபிள் வகையில் மட்டும் செய்யுங்கள். மோட்டார் வைத்த எலக்ட்ரானிக் வகையில் ஷாஃப்ட் கொஞ்சம் வளைந்தாலும் பிளேட் சிக்கும், வண்டி லிம்ப் மோடுக்கு (சக்தியைக் குறைத்து மெதுவாக மட்டும் ஓடும் நிலை) போய்விடும். பிளேட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூவின் நுனி அடித்து விரிக்கப்பட்டிருக்கும், அதை முதலில் அரத்தால் எடுக்காமல் திருகினால் ஷாஃப்டின் மரை போய்விடும். பிளேட் முழு வட்டம் இல்லை, ஓரம் சாய்வாக வெட்டியது. எந்த முகம், எந்தப் பக்கம் என்று கழற்றும் முன் கோடு போட்டு வையுங்கள். மாட்டும்போது புது ஸ்க்ரூவைத் தளர்வாக இட்டு, பிளேட்டை மூடி அது தானாக நடுவில் அமர்ந்த பிறகு இறுக்குங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் சுற்றிலும் ஒரே அளவு மெல்லிய கோடு தெரிய வேண்டும். வலுவான த்ரெட் லாக் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) போட்டு நுனியை மறுபடி அடித்து விரிக்காமல் விடவே கூடாது. அந்த ஸ்க்ரூ கழன்றால் நேராகச் சிலிண்டருக்குள்தான் விழும்.

துளையைக் கடைந்து பெரிதாக்குவதைத் தவிர்த்துவிடுங்கள். அதற்குத் தகுந்த பிளேட் எளிதில் கிடைக்காது, ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டாலே வண்டி குதிக்கும். தவிர, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கட்டுப்படுத்துகிறது.

திரும்ப மாட்டும்போது எம்6 போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் போதும். மேனிஃபோல்டு பிளாஸ்டிக் என்றால் அதற்கு மேல் போனால் பிளந்துவிடும். பிளேட் எந்த அளவு மூட வேண்டும் என்று நிறுத்தும் ஸ்க்ரூவை எந்தக் காரணத்துக்கும் திருகாதீர்கள். இன்ஜின் சூடான பிறகு ஸ்கேனரில் ஐட்லிங் ரீலேர்ன் (ஐட்லிங் அளவை வண்டியின் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது) செய்யுங்கள், முறை வண்டிக்கு வண்டி மாறும். கடைசியாக, ஐட்லிங்கில் ஓடும்போது கேஸ்கெட்டைச் சுற்றி ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீரை லேசாகப் பீய்ச்சுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று கசிகிறது, கழற்றி மறுபடி மாட்ட வேண்டும்.