தீவாந்தரம் போன மூதாதையைத் தேடுவது எப்படி

எங்கள் வீட்டில் ‘தீவாந்தரம் போனவர்’, அதாவது கடல் தாண்டி நாடு கடத்தப்பட்டவர் என்று ஒரு முப்பாட்டன் பேச்சு அடிபடும். வரப்புத் தகராறில் வெட்டு விழுந்தது, வெள்ளைக்காரன் பிடித்துக் கப்பலேற்றிவிட்டான், அதோடு சரி. தென் மாவட்டங்களிலும் தஞ்சைப் பக்கத்திலும் இப்படிப் பல வீடுகளில் ஒருவர் இருப்பார், பெரியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் அவரைப் பற்றிச் சொல்வார்கள். வெட்கப்பட்டு மூடி வைக்க வேண்டாம், தேடுங்கள். ஊரிலேயே உழுது விதைத்துச் செத்துப்போன தம்பியைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இருக்காது, ஆனால் விலங்கு மாட்டி அனுப்பிய அண்ணனின் உயரம், வயது, உடம்பிலிருந்த தழும்பு வரை எழுதி வைத்துக்கொள்வது கம்பெனி சர்க்காரின் வழக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அவர் கைதியாகப் போனாரா, கூலியாகப் போனாரா? இரண்டையுமே வீட்டில் ‘கப்பலேறிப் போனார்’ என்றுதான் சொல்வார்கள். தோட்டக் கூலிக்கும், ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணியோடும் போனவர்களின் ஆவணங்கள் முற்றிலும் வேறு, அங்கே போய்த் தேடினால் மாதக்கணக்கில் வீணாகும். கோர்ட், கச்சேரி (அந்தக் கால சர்க்கார் அலுவலகம்), விலங்கு, கொலை, கொள்ளை என்று கதையில் ஒரு சொல்லாவது வந்தால் கைதி என்று வைத்துத் தொடங்கலாம். வீட்டில் மூத்தவரிடம் வருஷம் கேட்டால் தெரியாது என்பார், அதனால் ‘அவர் போனபோது யார் பிறந்திருந்தார்கள், அப்புறம் நிலம் யார் பெயருக்கு மாறியது’ என்று கேளுங்கள். பத்து வருஷம் முன்பின் என்று ஒரு கணக்கு கிடைத்தாலே போதும்.

அந்தக் காலக் கணக்குதான் இடத்தைச் சொல்லும். 1787 முதல் 1825 வரை சுமத்ராவின் பென்கூலன், 1790-களிலிருந்து பினாங்கு, 1825-லிருந்து சிங்கப்பூரும் மலாக்காவும், அதே காலத்தை ஒட்டிப் பர்மாவின் மௌல்மேன் பக்கம், 1858-க்குப் பிறகு அந்தமான். சிங்கப்பூருக்கு முதன்முதலில் வந்த இந்தியக் கைதிகளே 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து மாற்றப்பட்ட சென்னை மாகாணத்துக்காரர்கள்தான். அந்த ஊரைப் பிரிட்டிஷார் டச்சுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டதால் அங்கிருந்த கைதிகளை நகர்த்த வேண்டியதாயிற்று. ஆக ஒரே ஆள் இரண்டு இடத்துப் புத்தகங்களில் வரலாம், ஒன்றில் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

தேட வேண்டிய இடம் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். விண்ணப்பம், அடையாள அட்டை, எதற்காகப் பார்க்கிறீர்கள் என்ற கடிதம், இதையெல்லாம் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள், ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. அங்கே கேட்க வேண்டியது ஜுடிஷியல் (நீதி) துறையின் நடவடிக்கைத் தொகுதிகளும், அந்தந்த ஜில்லாவின் பழைய தொகுதிகளும். பெரிய வழக்கு என்றால் ஜில்லாவில் தொடங்கி, ஊர் ஊராகப் போய் விசாரிக்கும் சர்க்யூட் கோர்ட்டுக்குப் போய், கடைசியில் சென்னையில் இருந்த பௌஜ்தாரி அதாலத் என்ற தலைமைக் குற்ற நீதிமன்றத்துக்கு வரும். 1862-ல் ஹைகோர்ட் வந்தபோது அது அதனோடு சேர்ந்துவிட்டது.

நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: பெயரை வைத்துத் தேடாதீர்கள், வழக்கை வைத்துத் தேடுங்கள். எழுதியவன் வெள்ளைக்கார குமாஸ்தாவாகவோ அவனுக்கு ஒத்தாசையாக இருந்த வேறு மொழிக்காரனாகவோ இருப்பான், முத்து என்ற எளிய பெயரையே எம், ஓ, ஓ, டி, ஓ, ஓ என்று எழுதியிருப்பார்கள். கருப்பன் கே-யில் இருப்பார் என்று தேடினால் சி-யில் கிடப்பார். அப்படியே கிடைத்தாலும் ஒரு ஜில்லாவில் எத்தனை முத்துகள், எத்தனை கருப்பன்கள்! ஜில்லா, ஏறக்குறைய வருஷம், குற்றம், எந்தக் கிராமம், யாரை வெட்டினார், கூட மாட்டியவர் யார், இவைதான் உங்கள் ஆளை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும். ஆண்டுவாரி அட்டவணையில் கைதிகள், நாடு கடத்தல் என்ற தலைப்புகளைப் பாருங்கள். பினாங்கு என்று தேடி ஒன்றும் வராவிட்டால் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு’ என்று தேடுங்கள், அன்று அதற்கு அதுதான் சர்க்கார் பெயர். திருநெல்வேலி டின்னவெல்லியாகவும் தஞ்சாவூர் டாஞ்சூராகவும் இருக்கும்.

கப்பலோடு ஒரு அடையாளப் பட்டியலும் போகும், கிடைத்தால் அதுதான் புதையல். கைதியின் பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், ஊர், குற்றம், தண்டனை, உடல் அடையாளம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். தகப்பன் பெயரும் ஊரும் உங்கள் வீட்டுக் கதையோடு ஒத்துப்போனால்தான் அவர் உங்கள் ஆள், ஒன்று மட்டும் பொருந்தினால் ஆசைப்பட்டு முடிவு கட்டாதீர்கள். நெற்றியில் பச்சை குத்திய குறிப்பு இருந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் கோதனா என்ற கொடுமை 1849-ல் நிறுத்தப்படும் வரை சட்டப்படியே நடந்தது.

கோர்ட்டே ஏறாமல் அனுப்பப்பட்டவர்களும் உண்டு. பாளையக்காரர் போருக்குப் பிறகு 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்ட 73 பேர் அப்படித்தான். சிவகங்கையின் வேங்கை பெரிய உடையணத் தேவரும் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அதில் இருந்தார்கள். உங்கள் கதை அந்தக் காலத்தைத் தொட்டால் ராணுவத் துறைத் தொகுதிகளைக் கேளுங்கள்.

அக்கரையில், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) பதிவுகள் 1867 வரைக்கும் இருக்கின்றன. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் (லண்டனிலிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த துறை) பதிவுகளில் சென்னைத் தொகுதிகளின் பிரதி உண்டு, எழும்பூரில் ஏடு நொறுங்கிப் போயிருந்தால் அங்கே நல்ல நிலையில் கிடைக்கலாம். வீட்டிலிருந்தே செய்யக்கூடியது, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இலவசப் பழைய நாளிதழ்த் தளம். கைதியின் பெயர் பத்திரிகையில் சும்மா வராது, தப்பி ஓடினால், அடிதடியில் மாட்டினால் வரும்.

நன்னடத்தையோடு பல வருஷம் கழித்தவருக்கு ‘டிக்கெட்’ கிடைக்கும், அதாவது வெளியில் தங்கிப் பிழைத்துக்கொள்ளலாம். மாட்டு வண்டி ஓட்டி, பால் விற்று, மலாய்ப் பெண்ணைக் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் மலாய் பேசி வளர்ந்திருப்பார்கள். சிங்கப்பூர் போனால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். 1861 வாக்கில் கைதிகள் கட்டி முடித்தது, சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் கலந்து பூசி, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் தெளித்துத் தேய்த்த நம்மூர்ச் சாந்து.

1873-ல் சிங்கப்பூர் கைதி முகாமைக் கலைத்தபோது மிச்சமிருந்தவர்களை அந்தமானுக்குக் கொண்டுபோனார்கள், அதனால் சிங்கப்பூரில் சுவடு நின்றுபோனால் அந்தமானைப் பாருங்கள். அந்தமானிலேயே இருந்த பல ஆவணங்கள் ஜப்பானியர் பிடித்திருந்த காலத்தில் அழிந்துவிட்டன. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் உள்துறைக் கோப்புகளில் போர்ட் பிளேர் பிரிவைத்தான் நம்ப வேண்டும், அதன் பட்டியலை அந்தக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் தேடலாம்.

எந்தத் தாளைப் பார்த்தாலும் தொகுதி எண், தேதி, பக்கம் மூன்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், ‘இல்லை’ என்று முடிந்த தொகுதியையும்கூட. தொகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் எதில் பார்த்தோம் என்பது சத்தியமாக நினைவிருக்காது.