ஜன்னலை வைத்து ஜார்ஜியன் வீட்டின் வயதைக் கணிப்பது எப்படி?

இங்கிலாந்தில் 1714-க்குப் பின் சுமார் 120 ஆண்டுகள் கட்டப்பட்டவை ஜார்ஜியன் வீடுகள். முகப்பை மட்டும் பார்த்து வயது சொல்லிவிடாதீர்கள். பழைய மரவீட்டுக்கு முன்னால் புதுச் செங்கல் சுவர் எழுப்பி நாகரிகம் காட்டிய வீடுகள் ஏராளம். மேலும் கீழும் நகரும் சாஷ் ஜன்னல்களிலிருந்து தொடங்குங்கள்.

முதலில், மரச்சட்டம் சுவரில் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று பாருங்கள். தீ பரவுவதைத் தடுக்க, லண்டனில் 1709-ல் வந்த சட்டம் ஜன்னலைச் சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774 சட்டம், ஜன்னலை ஏற்றி இறக்க உதவும் எடைக்குண்டுகள் தொங்கும் மரப்பெட்டியையும் செங்கலுக்குப் பின்னால் ஒளிக்கச் சொன்னது. அதனால் வெளியே மெல்லிய விளிம்பு மட்டும் தெரிந்தால், அது 1774-க்குப் பிந்தையதாக இருக்கும். ஆனால் இது லண்டன் கணக்கு. கிராமத்து மாளிகைகளில் பழைய முறை பல ஆண்டுகள் நீடித்தது.

அடுத்து, கண்ணாடிகளைப் பிரிக்கும் குறுக்குச் சட்டங்களின் அகலத்தை அளந்து பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை ஒன்றரை அங்குலம் வரை தடிமன். கடைசியில் அரை அங்குலத்துக்கு இளைத்துவிட்டன. நகரும் இரு பாதிகளில் மேல் பாதியின் அடி மூலைகளில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் ஜார்ஜியன் அல்ல. கனமான பெரிய கண்ணாடி வந்த பிறகு, விக்டோரியா காலத்தில் மர இணைப்பைப் பலப்படுத்தச் சேர்த்தது அது.

கண்ணாடியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்ந்து பாருங்கள். ஊதிச் சுழற்றித் தட்டாக்கிய பழைய கண்ணாடியில் வில் போல வளைந்த மெல்லிய அலைகள் ஓடும். நடுவில் குமிழ் உள்ள துண்டைக் கண்டு மயங்காதீர்கள். அன்று அது மலிவான கழிவு. முகப்பு ஜன்னலில் இருந்தால் பிற்காலத்து அலங்காரம் என்றே நினைக்கலாம்.

அடைத்த ஜன்னல் எல்லாம் 1696 முதல் 1851 வரை இருந்த ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தவை என்பார்கள். பாதிக் கதைதான். இருபுறமும் சமமாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே கட்டும்போதே போலி ஜன்னல் வைத்தவர்கள் உண்டு. உள்ளே அடைத்த செங்கல் பக்கச் சுவரோடு பின்னிப் போனால் அது போலி. ஓரங்களில் நேர்கோட்டில் இணைப்பு தெரிந்து, செங்கல் நிறமும் மாறினால் பிற்காலத்தில் அடைத்தது.

முகப்பு ஜன்னல்களைத்தான் முதலில் மாற்றுவார்கள். ஆகவே கொல்லைப்புறத்தையும் வேலைக்காரர் தங்கிய மாடி அறைகளையும் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.