பட்டை கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம்

கரீபியன் புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. அந்த மாதங்களில் டிரினிடாட்டின் சாகுவராமஸில் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பவர்கள் பலர். வேலை முடிந்து கிரேன் படகைத் தண்ணீரில் இறக்கியதும் உடனே கிளம்பத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

படகு தண்ணீரைத் தொட்டபடி கிரேனின் தூக்குப் பட்டையில் தொங்கும்போதே உள்ளே இறங்கி, அடிப்பகுதியில் உள்ள ஒவ்வொரு துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடல்நீர் வால்வுகளைத் திறந்து மூடிப் பார்த்து, குழாய் கிளாம்ப்பைக் காய்ந்த விரலால் தடவுங்கள். விரல் நனைந்தால் மறுபடி மேலே தூக்கச் சொல்லுங்கள். கிரேன்காரர் முணுமுணுப்பார், பரவாயில்லை. புரொப்பெல்லர் தண்டில் ரப்பர் பெல்லோஸ் சீல் (தண்டு வழியே கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் மடிப்பு ரப்பர்) இருந்தால், தண்ணீர் பீய்ச்சும்வரை அதை அழுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். காற்று உள்ளேயே தங்கிவிட்டால் சீல் காய்ந்தபடியே சுற்றிச் சூடாகிவிடும்.

அப்புறம் எஞ்சின். ஓட விட்டதும் புகைக்குழாயில் தண்ணீர் துப்புகிறதா என்று பாருங்கள். துப்பவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்ப் மாதக்கணக்கில் சும்மா கிடந்ததில், அதற்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லரின் இறக்கை உடைந்திருக்கலாம். டீசல் ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்துவிடுங்கள்.

வடக்கே உள்ள கிரெனடா தீவு ஏறக்குறைய 80 கடல்மைல். நேராக அங்கே போகாமல், முதல் இரவு பக்கத்து ஸ்காட்லாந்து பேயில் நங்கூரம் போடுங்கள். காலையில் எழுந்ததும் பில்ஜை (கசியும் தண்ணீர் சேரும் படகின் அடிப்பள்ளம்) திறந்து பார்த்துவிட்டுப் பாய் ஏற்றலாம்.