வலப்பக்கச் சாலையில் சிங்கப்பூரர்கள் செய்யும் தவறுகள்

ஜோகூர், மலாக்கா, ஹாட் யாய் என்று ஓட்டிப் பழகியவர்களுக்கு ஓர் அசட்டுத் துணிச்சல் வந்துவிடுகிறது. பெர்த்திலேயே ஓட்டியாச்சு, கலிஃபோர்னியாவில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் மலேசியா, தாய்லாந்து, ஆஸ்திரேலியா, ஜப்பான் எல்லாமே நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகள். வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்கா, பிரான்ஸ், கொரியா, தைவான் போனால்தான் சங்கதி தெரியும்.

நெரிசலில் பெரும்பாலும் தப்பு நடப்பதில்லை. முன்னால் போகும் வண்டியே வழிகாட்டிவிடும். ஆளில்லாத சாலைதான் ஆபத்து. விடிகாலையில் ஹோட்டலிலிருந்து கிளம்பும்போதும், பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போதும், படம் எடுக்க ஓரங்கட்டிய காரை மறுபடி சாலையில் ஏற்றும்போதும் கை தன்னால் இடப்பக்கம் இழுக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில், பழகிவிட்டது என்ற நினைப்பு வந்த பிறகு, இன்னும் கவனம் வேண்டும். ஒரே ஒரு விதியை மனத்தில் வையுங்கள்: இருவழிச் சாலையில் ஓட்டுநர் இருக்கை எப்போதும் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். சிங்கப்பூரிலும் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறோம்! பக்கத்து இருக்கைக்காரருக்கும் வேலை கொடுங்கள். ஒவ்வொரு முறை சாலையில் ஏறும்போதும் "ஏங்க, வலப்பக்கம்" என்று அவர் சொல்லட்டும்; கோபப்படாதீர்கள்.

சந்திப்பில் இடப்புறம் திரும்புவதுதான் அங்கே அகலமான திருப்பம். இங்குள்ள பழக்கத்தில் சின்னதாக வெட்டித் திரும்பினால், எதிரே வரும் வண்டியின் தடத்தில் போய் நிற்பீர்கள். ரவுண்டபவுட்டில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இடப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். விரைவுச்சாலையில் முந்தும் தடம் இடக்கோடியில் இருக்கும். சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் வலக்கோடித் தடத்தையே பிடித்துக்கொண்டு போகிறவர்கள் அங்கேயும் வலக்கோடியில் போனால் ஒருவகையில் நல்லதுதான்.

அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் சிவப்பு விளக்கிலும் முழுதாக நின்று பார்த்துவிட்டு வலப்புறம் திரும்பலாம். தடைப் பலகை இருந்தால் கூடாது. நியூயார்க் நகரிலோ அனுமதி என்று பலகை இருந்தாலொழியத் திரும்பக்கூடாது.

இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போடுவீர்கள். அது வெறும் சிரிப்பு. வலப்பக்கக் கண்ணாடியும் சக்கரமும் உரசுவதுதான் செலவு. ஓட்டுநர் இடப்பக்கம் உட்காரும்போது காரின் பெரும்பகுதி வலப்பக்கம் நீள்கிறது. பழக்கதோஷத்தில் காரை ஓரத்துக்கே ஒதுக்கிவிடுகிறோம். வாடகைக் காரை எடுத்தவுடன் விரைவுச்சாலையில் ஏறாமல், அந்தக் கார் பார்க்கிலேயே நாலு சுற்று சுற்றிப் பாருங்கள். பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் விமானத்தில் வந்த களைப்போடு, இருட்டில் சாவியை வாங்கவே வேண்டாம்.

அனைத்துலக ஓட்டுநர் அனுமதியை இங்கே ஏஏஎஸ் எனும் சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தில் வாங்கலாம், ஓராண்டு செல்லும். இணையத்தில் வேறு யாரோ விற்கும் அட்டைக்குப் பணம் கட்டாதீர்கள். கையில் சிங்கப்பூர் உரிமமும் இருக்க வேண்டும். சீனாவுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே இந்த அனுமதி செல்லாது.